அறுபத்திரண்டு கிலோ

மார்ச் 10, திங்கள்

வெங்காயம் வாங்கப் போன இடத்தில் வாய்த் தகராறு. கடைக்காரன் தராசுத் தட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து, அதன் எடையைக் கழிக்காமலேயே எல்லோருக்கும் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நாற்பது கிராம் கூடை. நான் கேட்டதும் வரிசையில் நின்றவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஓய்வு வாங்கி ரெண்டு வருஷமாச்சு, இன்னும் ஊரைத் திருத்தணுமா என்று வழி நெடுகத் திட்டு.

முப்பத்தொரு வருஷம் எடை அளவுத் துறையில் ஆய்வாளன். கடைத்தெருவில் எனக்கு மில்லி என்று பெயர். மில்லிகிராமின் சுருக்கம். தெரியாதவர்கள் குடிகாரன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நாளை முதல் சுற்று. இரைப்பையில் கட்டி. இதை எழுதும்போது வேறு யாருடைய இரைப்பையைப் பற்றியோ எழுதுவது போல்தான் இருக்கிறது. நாலு சுற்று மருந்து, மூன்று வாரத்துக்கு ஒன்று. கட்டி சுருங்கினால் அறுவை. அறுவை நடந்தால்தான் நான். இவ்வளவுதான் கணக்கு.

மார்ச் 11, செவ்வாய்

காலை எட்டரைக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்பினோம். அவள் தன் பள்ளிக்கூட அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தாள். முழு நாளும் போய்விட்டது.

முதலில் எடை. ஒரு திரை, ஒரு நாற்காலி, ஒரு மேடைத் தராசு. ஏறுவதற்கு முன் குனிந்து எங்கள் துறையின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். கைப்பழக்கம். இருந்தது, காலாவதியும் ஆகவில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட நர்ஸ், சின்னப் பெண், ஒப்பந்த வேலை, நான் எதையோ கீழே போட்டுவிட்டேன் என்று அவளும் குனிந்து தேடினாள். 68.4.

மருத்துவர் அந்த எண்ணைத் தாளில் எழுதி வட்டம் போட்டார். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மருந்தை நிறுத்த வேண்டியிருக்குமாம். "அறுபத்திரண்டுக்குக் கீழ போகாமப் பார்த்துக்கங்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நிறுத்திய பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்பது? நிறுத்தினால் கதை முடிந்தது.

மருந்துப் பையின் மேல் 135 மில்லிகிராம் என்று ஒட்டியிருந்தது. எப்படி வந்தது அந்த 135 என்று கேட்டேன். கண்ணாடி நர்ஸுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் மருந்து கலக்கும் அம்மாவையே அழைத்து வந்துவிட்டாள். தலையில் தொப்பி, ஐம்பது வயதிருக்கும், கையுறைத் தடம் மணிக்கட்டில் சிவந்திருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் கணக்கைக் காட்டச் சொன்ன முதல் ஆள் நான்தானாம். உயரத்தையும் எடையையும் பெருக்கி, வகுத்து, வர்க்கமூலம் எடுத்து உடம்பின் பரப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். எனக்கு 1.80 சதுர மீட்டர். அதை எழுபத்தைந்தால் பெருக்கினால் 135. பேப்பரில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. மனசுக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், கட்டியே கரைந்தது போல.

அந்த மருந்தில் பிளாட்டினம் இருக்கிறதாம். நகைக்கடைத் தராசில் மட்டும் பார்த்த சரக்கு. இப்போது நரம்பில் போகிறது.

பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் ஓட்டுநர். என்னைவிட இளையவர். அவருக்கும் இரைப்பைதான். எட்டு மணி நேரம் ஒரே சீட்டில் உட்காருவது தனக்குப் புதிதில்லை என்றார். ஹாரன்தான் இல்லையாம்.

மார்ச் 15, சனி

வாந்தி. வாந்தி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 20, வியாழன்

தையல் டேப்பால் கெண்டைக்காலை அளந்தேன். 36.5 இருந்தது, இப்போது 35. வலது இடது இரண்டும். ஒன்றரை சென்டிமீட்டர் ஒன்பது நாளில் எங்கே போனது? சாப்பிடவில்லை, சரி. ஆனால் வயிறு அப்படியே இருக்கிறது. கொழுப்பு போகாமல் கால் மட்டும் போவது என்ன நியாயம்?

அவள் நான் தின்றதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைக்கிறாள். முட்டை அரை. பால் நாலு வாய். ரொட்டி — ஒரு கோடு போட்டுவிட்டாள்.

மார்ச் 31, திங்கள்

வீட்டுத் தராசில் 61.2.

இரண்டு முறை ஏறினேன். தராசை நகர்த்தி வைத்து மூன்றாம் முறையும் ஏறினேன். 61.2. கடைக்காரர்கள் என் முன்னால் இப்படித்தான் செய்வார்கள். இடத்தை மாற்றினால் எடை மாறும் என்று ஒரு நப்பாசை.

நாளை இரண்டாம் சுற்று. எண்ணூறு கிராம் இடிக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எங்கேயாவது ஓரிடத்தில் உண்மை இருக்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் ஒரு பெட்டி கொடுத்தார்கள். கழித்துக்கட்டிய பித்தளை எடைக்கல் வரிசை. இரண்டு கிலோவிலிருந்து நூறு கிராம் வரை, ஒவ்வொன்றும் தன் குழியில், நீல வெல்வெட் மேல். மூடியில் என் பெயர். காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஒரு கிலோவையும் அரைக் கிலோவையும் எடுத்தேன். பழைய முதுகுவலிப் பட்டை ஒன்று இருக்கிறது. உள்பக்கம் நேற்றே இரண்டு பை தைத்து வைத்திருந்தேன். அதாவது நேற்றே முடிவு செய்துவிட்டேன். அதை மேலே எழுதவில்லை.

பட்டையைப் பார்த்து, முதுகு வலிக்குதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

62.7. கண்ணாடி நர்ஸுக்கு வாயெல்லாம் பல். மற்றவர்கள் ஏழு எட்டு என்று இறங்கிக்கொண்டிருக்கிறார்களாம், நான்தான் தாக்குப்பிடிக்கிறேனாம். பையில் சாவி ஏதும் இருந்தால் எடுத்துவிடச் சொன்னாள். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நாற்காலியில் வைத்தேன். எவ்வளவு ஒழுங்கு!

சர்வீஸில் சேர்ந்த புதிதில் ஒரு ஆட்டுச் சந்தைக்குப் போனேன். ஒரு வியாபாரி ஆடுகளுக்கு உப்பை நக்கக் கொடுத்து, வயிறு முட்டத் தண்ணீர் காட்டி, அப்புறம் தராசில் ஏற்றுவான். ஆடு ஒன்றுக்கு இரண்டு கிலோ. அவனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தது நான். அன்றைக்கு அவன் முகத்தில் வெட்கமே இல்லை என்று வந்து வீட்டில் சொன்னேன். எனக்கும் இன்று காலை வெட்கம் வரவில்லை. இப்போதுதான், இதை எழுதும்போது.

மருந்து அளவில் என்ன வித்தியாசம் என்றும் கணக்குப் போட்டேன். ஒன்றரை மில்லிகிராம். அனுமதிக்கப்பட்ட பிழை என்று எங்கள் துறையிலேயே ஒன்று உண்டு. அதற்குள்தான் வருகிறது.

ஓட்டுநருக்கு இன்று மருந்து ஏற்றவில்லை. எட்டு கிலோ இறங்கிவிட்டார். "வண்டியை ஷெட்டுல போட்டுட்டாங்க சார்" என்றார். போகும்போது என் அருகில் வந்து, நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். கண்ணாடி நர்ஸ் என்னைக் காட்டித்தான் அவருக்குப் புத்தி சொல்லியிருக்கிறாள். தினமும் இரண்டு முட்டை என்று சொல்லிவிட்டேன். அவர் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

கலக்கும் அம்மா அன்று சொன்னதை எழுத மறந்தேன். மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கால் மெலிவதைச் சொன்னேன். பிரிந்து பெருகும் செல்லைத்தான் இந்த மருந்து அடிக்கும் என்று சொல்கிறீர்கள், தசை செல் பிரிவதே இல்லை என்றும் சொல்கிறீர்கள், பிறகு அதற்கு ஏன் தண்டனை? எனக்கு இது புரிய வேண்டும்.

அந்த அம்மா அவசரப்படாமல் சொன்னார். மருந்து ஆள் பார்த்துப் போவதில்லை. ரத்தம் போகிற இடமெல்லாம் போகும், தசை இழைக்குள்ளும் போகும். அங்கே மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன அடுப்புகள், செல்லுக்கு வேண்டிய சக்தி அங்கேதான் எரிகிறது. மருந்து பட்டதும் அவை சரியாக எரியாமல் புகைகின்றன. அந்தப் புகை பக்கத்தில் இருப்பதையெல்லாம் அரிக்கிறது. சக்தி குறைந்த செல், பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. நினைத்ததும் தன் சொந்தப் புரதங்களையே உடைக்க ஆரம்பிக்கிறது. எதை உடைக்க வேண்டுமோ அதன் மேல் ஒரு சின்னப் புரதத்தை அடையாளமாக ஒட்டும். அடையாளம் ஒட்டியது எல்லாம் பீப்பாய் மாதிரி ஒரு அறைக்குள் போகும். உள்ளே போனால் துண்டு துண்டுதான்.

நான் சிரித்துவிட்டேன். சிவப்புச் சீட்டு! என் கையால் எத்தனை ஆயிரம் ஒட்டியிருப்பேன். பொய்த் தராசு என்று சீட்டு ஒட்டினால் அது கிடங்குக்குப் போகும், சம்மட்டியால் உடைப்பார்கள். என் காலுக்குள் எவனோ ஒரு ஆய்வாளன் உட்கார்ந்துகொண்டு நல்ல தராசுக்கெல்லாம் சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

"நல்லதுன்னு அதுக்குத் தெரியாதுங்களே" என்றார் அந்த அம்மா. செல் தப்பு செய்யவில்லை, தப்பான சேதியை நம்புகிறது, அவ்வளவுதான் என்றார். இதெல்லாம் எலியிலும் தட்டில் வளர்த்த செல்லிலும் பார்த்தது, மனிதனுக்குள் எது எவ்வளவு என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது, கட்டியும் சாப்பாட்டுக் குறைவும் படுக்கையும் சேர்ந்துதான் இழுக்கிறது என்றும் சொன்னார். பிழை வரம்பைச் சேர்த்துச் சொல்கிற மனுஷியைப் பார்த்து எவ்வளவு காலமாகிறது!

அவரிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

ஏப்ரல் 9, புதன்

கெண்டைக்கால் 33.

மாடிப்படி பதினான்கு. ஏழாவதில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஜாடி மூடியைத் திறக்க முடியவில்லை. அவள் ஒரு திருகில் திறந்துவிட்டு, திறக்காதது போல் மறுபடி மூடி என்னிடம் நீட்டினாள். "இப்போ பாருங்க, லேசாயிடுச்சு." முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் எனக்குச் செய்த முதல் ஏமாற்று. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும்.

ஏப்ரல் 21, திங்கள்

58.6. பெட்டியில் குழியெல்லாம் காலி ஆனால்தான் சரிப்படும். இரண்டு, ஒன்று, அரை, இருநூறு இரண்டு, நூறு. கூட்டினால் சரியாக நாலு கிலோ.

இரண்டு கிலோ கல்லை முன்பெல்லாம் இரண்டு விரலால் குமிழைப் பிடித்துத் தூக்குவேன். இன்று இரண்டு கை.

ஏப்ரல் 22, செவ்வாய்

62.6.

பெரிய கல்லை முதுகுப் பள்ளத்தில் வைத்தேன். இப்போது அங்கே நிறைய இடமிருக்கிறது. மேலே ஸ்வெட்டர். குளிர்கிறது என்று சொன்னேன், அது பொய்யில்லை. மேடையில் ஏறும்போது முழங்கால் வளைந்து கைப்பிடியைப் பிடித்தேன். கண்ணாடி நர்ஸ் என் முழங்கையைத் தாங்கினாள். அவள் கை பட்டைக்கு நாலு விரல் தள்ளி இருந்தது.

மருத்துவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். முகம் வாடியிருக்கே என்றார். தூக்கமில்லை என்றேன். தாளைத்தான் நம்பினார். நானும் முப்பத்தொரு வருஷம் ஆளை நம்பாமல் தராசைத்தான் நம்பினேன்.

மருந்து வித்தியாசம் இந்த முறை நாலு மில்லிகிராம். மூன்று சதவீதத்துக்கு மேல். எந்தக் கடைக்காரனுக்கும் நான் இதை விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

கலக்கும் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். உடைவது உடையட்டும், பழுது பார்க்க ஆள் இல்லையா? இருக்கிறதாம். ஒவ்வொரு தசை இழையின் ஓரத்திலும் சில செல்கள் தூங்கிக்கொண்டே இருக்குமாம். இழை அறுந்தால் விழித்து, பிரிந்து, பெருகி வந்து ஒட்டும். ஆனால் பிரிகிற செல்லைத்தானே மருந்து அடிக்கிறது. விழித்தவனை எழுந்த இடத்திலேயே மடக்கிவிடும். மருந்து நின்று ஓய்வு கிடைத்தால் மிச்சமிருப்பவை மெல்லத் தலைதூக்கும் என்றார்.

ஓய்வு கிடைத்தால். அந்த வார்த்தையை நான் காதில் வாங்கவில்லை. பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. அதற்குள் பை முழுதும் நரம்பில் இறங்கியாகிவிட்டது.

ஏப்ரல் 30, புதன்

ஆஸ்பத்திரி. நேற்று முன்தினம் கழிவறையில் உட்கார்ந்தவன் எழ முடியவில்லை. விழவில்லை, அடிபடவில்லை, கால் சொன்னபடி கேட்கவில்லை. சுவரைப் பிடித்தேன், குழாயைப் பிடித்தேன். கடைசியில் அவளைக் கூப்பிட்டேன். அவள் ஒருத்தியால் முடியாமல் எதிர்வீட்டுக்காரரைக் கூட்டி வந்தாள். அந்த நிலையில் அவர் முன்னால். அவர் பாவம், மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டே என்னைத் தூக்கினார்.

காய்ச்சலும் இருந்ததால் சேர்த்துவிட்டார்கள். வார்டில் படுத்தபடியே தூக்கி நிறுக்கும் தொங்கு தராசு. சட்டை இல்லை, பட்டை இல்லை.

56.1.

மே 2, வெள்ளி

ஒரு வாரத்தில் ஆறரைக் கிலோ எப்படிக் குறையும் என்று எல்லோரும் குழம்புகிறார்கள். குழம்பி, கீழே மருந்து ஏற்றும் இடத்தில் உள்ள தராசுதான் கோளாறு என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அல்லது நிறுத்தவள் கோளாறு. கண்ணாடி நர்ஸிடம் விளக்கம் கேட்டு எழுத்தில் கொடுத்திருக்கிறார்களாம். அந்தத் தராசில் நிறுத்த எல்லோருடைய மருந்துக் கணக்கையும் திரும்பப் பார்க்கிறார்கள். வார்டில் கட்டில் துடைப்பவர் சொன்னார். ஒப்பந்த வேலைதானே, அனுப்பிவிடுவார்கள் என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல் கிடந்தேன். இதையும் எழுதியாக வேண்டும்.

மே 3, சனி

தராசைச் சோதிக்கத் துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். வேறு யார்? என் இடத்துக்கு வந்தவர். பத்து வருஷம் எனக்கு உதவியாளராக இருந்தவர். வேலை முடிந்ததும் வார்டுக்கு வந்தார், கையில் ஆரஞ்சுப் பழப் பை. கட்டிலோரம் உட்கார்ந்து வெகுநேரம் அலுவலகக் கதை பேசினார். பழைய கிடங்குக்கு வெள்ளையடித்திருக்கிறார்களாம்.

"தராசு சரியாத்தான் இருக்கு சார். நூறு கிராம்கூடப் பிசகல."

அவர் ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தார். நார் கூட விடாமல்.

"நாங்க குடுத்த பெட்டி வீட்ல பத்திரமா இருக்கா சார்?"

இருக்கிறது என்றேன். தலையை ஆட்டினார். அறிக்கையைத் திங்கட்கிழமைதான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஒரு நாள் அவகாசம். நான் எந்தக் கடைக்காரனுக்கும் அதைக் கொடுத்ததில்லை.

மே 5, திங்கள்

சொல்லிவிட்டேன். மருத்துவர், கலக்கும் அம்மா, கண்ணாடி நர்ஸ் மூவரையும் வரச் சொல்லி, என் மனைவியையும் வைத்துக்கொண்டு. பட்டை, பை, கல், தேதி, கிராம். வாக்குமூலம் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் மேல் தப்பில்லை என்று தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து என்னுடையது போலவே இல்லை.

கண்ணாடி நர்ஸ் கோபப்பட்டிருந்தால் தேவலை. "எல்லார்கிட்டயும் உங்களைத்தான் காட்டுவேன் ஐயா" என்றாள். அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மருத்துவர் சத்தம் போடவில்லை. "நிறுத்தினா முடிஞ்சுதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் சுற்றிலேயே தெரிந்திருந்தால் மூன்று வாரம் நிறுத்தி, மூக்குக் குழாயில் உணவு கொடுத்து, காலுக்குப் பயிற்சி கொடுத்து, தேற்றி, பிறகு தொடர்ந்திருப்பார்களாம். நிறுத்துவது தண்டனை இல்லையாம், சிகிச்சையின் பாகமாம்.

அப்போ அந்த நாலு மில்லிகிராம்? கலக்கும் அம்மாவைக் கேட்டேன். அது பெரிதில்லை என்றார். மருந்து போய்த் தங்குகிற இடங்களில் தசை முக்கியமானது, தசை கரைந்தபின் அதே மருந்து சின்ன உடம்பில் அடர்த்தியாக நிற்கும், அடி பலமாக விழும், அதில் இன்னும் தசை கரையும் என்றார். தராசு அந்த நேரத்தில்தான் கத்தியிருக்க வேண்டும் என்று சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் முடித்து வைத்தேன். நான்தான் அதன் வாயை அடைத்தேன்.

எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் இருந்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "முதுகு வலின்னு சொன்னீங்க. நான் தினமும் தைலம் தேய்ச்சேன்."

ஐயோ, ஆமாம். தேய்த்தாள். மூன்று வாரம், இல்லாத வலிக்கு. இதை நான் இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

இனி உன்னிடம் பொய் சொல்லமாட்டேன் என்றேன்.

மே 13, செவ்வாய்

நாலாம் சுற்று இருந்திருக்க வேண்டிய நாள். ஸ்கேன் பார்த்தார்கள். கட்டி சுருங்கவில்லை, புதிதாய் ஈரலில் இரண்டு புள்ளி. மருந்தும் இல்லை, அறுவையும் இல்லை. இந்தக் கால்களோடு மேசையில் ஏற்ற முடியாதாம். முன்பே தேற்றியிருந்தால் மட்டும் சுருங்கியிருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் மருத்துவர். நேர்மையான பதில். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மே 21, புதன்

வீடு. படுக்கையை முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டாள், கழிவறை பக்கம் என்று. பட்டையைப் பிரித்துக் கற்களைத் துடைத்துக் குழியில் திரும்ப வைத்திருக்கிறாள். இரண்டு இருநூறையும் இடம் மாற்றி வைத்திருந்தாள். ஒரே அளவுதான், ஆனால் அடியில் பொறித்த வரிசை எண் வேறு. சொல்லவில்லை.

அப்புறம் சொன்னேன். சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவை.

மே 27, செவ்வாய்

கலக்கும் அம்மா வீட்டுக்கு வந்தார். வேலை நேரம் முடிந்து, ஒரு பால்பவுடர் டப்பாவோடு. கண்ணாடி நர்ஸுக்கு வேலை போகவில்லையாம், தராசுப் பக்கமே இருக்கிறாளாம். இப்போதெல்லாம் எல்லோரையும் மேல்சட்டையைக் கழற்றச் சொல்கிறாளாம். என்னால் வந்த புது விதி.

போகும்போது, என் மனைவி சமையலறையில் இருக்கையில், எனக்கு மட்டும் சொன்னார். கால் வீங்க ஆரம்பித்தால் சதை என்று நினைத்துவிட வேண்டாம். ரத்தத்தில் புரதம் குறைந்தால் தண்ணீர் குழாயில் நிற்காமல் வெளியே கசியும். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கணும். குழி நின்றால் தண்ணீர். அதற்குப் பிறகு எவ்வளவு நாள் என்று கேட்டேன். அதிகமில்லை என்றார். பிழை வரம்பு சொல்லவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

பஸ் ஓட்டுநர் போன் செய்தார். ஷெட்டில் போட்ட வண்டியைப் பழுது பார்த்து மறுபடி ரோட்டில் விட்டுவிட்டார்களாம். மூக்குக் குழாய், மணல் மூட்டை தூக்கும் பயிற்சி, பிறகு அளவைக் குறைத்து மருந்து. ஐந்து கிலோ ஏறிவிட்டது, கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது, இன்னும் ஒரு சுற்று முடிந்தால் அறுவை. என் கதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"நீங்க சொன்ன ரெண்டு முட்டைதான் சார் காப்பாத்துச்சு" என்றார்.

நல்லது, விடாமல் சாப்பிடுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். பொறாமை. வேறு பெயர் வைத்து என்ன பயன்? வயிறெரிந்துதான் அழுதேன். அழுது முடித்த பிறகு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. இருநூறு கிராம் இருக்கும்.

ஜூன் 9, திங்கள்

56.8. அவள்தான் தூக்கி நிறுத்திப் பார்த்தாள்.

கெண்டைக்கால் 30. காலையில் 30, மாலையில் 31.5.

ஜூன் 12, வியாழன்

பேனா கனக்கிறது. பென்சிலுக்கு மாறிவிட்டேன்.

மாலையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.

ஜூன் 19, வியாழன்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகத் தராசை எடுத்து வைத்தாள். அவளுக்கு என் மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை, வரவும் கூடாது. சட்டையைக் கழற்றினாள். இடுப்பைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து கற்களை எண்ணினாள். ஆறும் இருந்தன. அப்புறம்தான் என்னைக் கட்டிப்பிடித்து மேடையில் நிறுத்தி, கையை மெல்ல விட்டாள். நல்ல ஆய்வாளராக வந்திருப்பாள்.

62.0.

குனிந்து பார்த்தாள். என்னை இறக்கி உட்காரவைத்துவிட்டு மறுபடி நிறுத்தினாள். 62.0. "என்னங்க, ஏறியிருக்கு" என்றாள். கீழே உட்கார்ந்து என் காலைப் பிடித்துப் பார்த்தாள், காலும் பிடித்திருக்கிறதே, பால்பவுடர் வேலை செய்கிறது என்றாள். அவள் விரல் பட்ட இடங்களில் நாலு குழி. அவள் அதற்குள் எழுந்து தன் அக்காவுக்குப் போன் செய்யப் போய்விட்டாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது வரை எண்ணியும் குழி மூடவில்லை. போர்வையை இழுத்துக் காலை மூடினேன்.

ஆட்டுக்கு யாரும் உப்பு கொடுக்கவில்லை இந்த முறை.

திரும்பி வந்து காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் பெரிதாக எழுதினாள். என்னிடம் காட்டினாள். அறுபத்திரண்டு, பக்கத்தில் ஒரு புள்ளி, ஒரு சுழி.

"சரியா இருக்கா?" என்றாள்.

சரியாக இருக்கிறது என்றேன்.